வாய் அகலமானால் வயிறு நிறையுமா?

சென்ற பருவத்து அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமை காலை, குளுவாங்கில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அக்காள் மகன் எண்டாவிலிருந்து வந்து இறங்கினான். வந்தவன் உட்காரக்கூட இல்லை. கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"மாமா, இதப் பாருங்க. முப்பது அடி அகலம். ஆஸ்திரேலியாவுல இருந்து வருது. நம்ம மெஷின்ல மாட்டிட்டா ஒரே ஓட்டத்துல ரெண்டு மடங்கு வெட்டலாம். பொருந்துமா, பொருந்தாதா? அத மட்டும் சொல்லுங்க."

அவன் நெல் அறுக்கும் இயந்திரம் ஒன்று வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறான். நம் ஜொகூரில் நெல் வயல்கள் குறைவுதான். மெர்சிங், எண்டாவ், தங்காக் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. எண்டாவ் ஆற்றைத் தாண்டினால் பகாங் மாநிலத்து ரொம்பின் வயல்கள். பருவத்துக்குப் பருவம் இயந்திரத்தை லோ லோடரில் ஏற்றிக்கொண்டு வேலை இருக்கும் இடத்துக்குப் போவான். வீட்டில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். எல்லாருக்கும் சோறு போடுவது அந்த ஓர் இயந்திரம்தான்.

படத்தில் இருந்தது ட்ரேப்பர் ஹெட்டர். பெயர் புதிதாக இருக்கும் என்பதால் அதை முதலில் விளக்கிவிடுகிறேன். அறுவடை இயந்திரத்தின் முன்னால் அகலமாக நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கு ஹெட்டர் என்று பெயர். மேலே சுழலும் சட்டம் பயிரைத் தன் பக்கம் சாய்க்கும். அடியில் பல் வைத்த கத்தி இடமும் வலமும் ஓடித் தாளை அறுக்கும். அறுத்த பயிரை நடுவுக்குக் கொண்டுவந்து இயந்திரத்தின் தொண்டைக்குள் தள்ள வேண்டும். நம் வயல்களில் ஓடும் பழைய இயந்திரங்களில் நீளமான இரும்புத் திருகு உருளை அந்த வேலையைச் செய்கிறது. ஆகர் என்பார்கள். ட்ரேப்பரில் அந்த உருளைக்குப் பதிலாக அகலமான ரப்பர் பட்டைகள் இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி ஓடும். நடுவில் இன்னொரு பட்டை பயிரை வாங்கி உள்ளே அனுப்பும். அந்தக் காலத்தில் இந்தப் பட்டைகள் கித்தான் துணியில் மரச்சட்டம் அடித்துச் செய்யப்பட்டன.

கனடாவில் வினிபெக் நகரத்து மெக்டான், சஸ்காட்சுவான் மாநிலத்து ஹனி பீ போன்ற நிறுவனங்கள் இதில் பெயர் வாங்கியவை. இவர்களுடைய ஹெட்டரைப் பல கம்பெனி இயந்திரங்களில் மாட்டுவதற்கு நடுவே ஓர் இணைப்புப் பகுதி உண்டு. அடாப்டர் என்பார்கள். அகலம் இப்போது 50 அடிக்கு மேலேயே போய்விட்டது. ஆஸ்திரேலிய விளம்பரங்களைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ஹெட்டர் என்றால் முழு இயந்திரம். முன்னால் மாட்டும் பகுதிக்கு ஃபிரண்ட் என்று பெயர். விலையைப் பார்த்து மயங்குவதற்கு முன் எது விற்பனைக்கு வந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"பணம்?" என்று கேட்டேன்.

"முன்பணம் கையில இருக்கு. மீதிக்கு அம்மா நகை தர்றேன்னு சொல்லிட்டாங்க."

"இன்னிக்குப் பதில் சொல்ல மாட்டேன் தம்பி. சனிக்கிழம வயலுக்கு வர்றேன். அதுவரைக்கும் ஒரு காசு கொடுத்துடாத."

அவன் முகம் சுண்டிவிட்டது. முப்பது வருஷம் தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்த மாமா, ஒரு போல்ட் பொருந்துமா என்று சொல்ல ஒரு வாரம் கேட்கிறாரே என்று நினைத்திருப்பான். நான் ஏன் தயங்கினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அவன் இயந்திரம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் கோதுமை அறுத்து ஓய்ந்து, இங்கே வந்து பழுது பார்த்து, முன் டயர்களைக் கழற்றிவிட்டு இரும்புச் செயின் மாட்டியது. நம் நாட்டு நெல் வயல்களில் இப்படிப்பட்ட பழைய பெரிய இயந்திரங்கள் வெகுகாலமாக ஓடுகின்றன. கெடாவில் மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் 1970 முதல் ஆண்டுக்கு இரு போகம் விளைந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அறுவடை இயந்திரங்கள் வந்து இறங்கின. 1978 முதல் 1980 வரை மூடா சமவெளிக் கிராமம் ஒன்றில் தங்கியிருந்த அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்காட், அறுப்புக் கூலியை இழந்த ஏழைகள் இரவில் இயந்திரத்தின் பேட்டரியை எடுத்து வாய்க்காலில் எறிந்ததையும், எண்ணெய்த் தொட்டியில் மண் போட்டதையும் எழுதி வைத்திருக்கிறார். இயந்திரம் வந்தது வந்ததுதான். ஆனால் அது காய்ந்த நிலத்துக்கும் காய்ந்த கோதுமைத் தாளுக்கும் செய்யப்பட்டது. சேற்றுக்கும் பச்சைத் தாளுக்கும் அதைப் பழக்கும் வேலை இன்னும் நம் பட்டறைகளில் நடந்துகொண்டிருக்கிறது. அக்காள் மகனின் கேள்வியும் அந்த வேலையில் சேர்ந்ததுதான்.

சனிக்கிழமை போனேன். கையில் அளவு நாடாவும் ஒரு மரச்சட்டமும் கொண்டுபோனேன். சட்டத்தின் உள்ளளவு 40 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர். அதாவது ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

"இது எதுக்கு மாமா?"

"உன் மெஷினோட வயித்த அளக்க."

அறுவடை இயந்திரத்துக்கு வாய், தொண்டை, வயிறு மூன்றும் உண்டு. ஹெட்டர் வாய். பயிரை மேலே இழுத்துச் செல்லும் சங்கிலிப் பாதை தொண்டை. கதிரடிக்கும் டிரம், வைக்கோலை உதறும் பகுதி, சல்லடை எல்லாம் சேர்ந்து வயிறு. வயிறு எவ்வளவு செரிக்குமோ அவ்வளவுதான் இயந்திரத்தின் திறன். அதற்கு மேல் திணித்தால் செரிக்காத நெல் வைக்கோலோடு பின்னால் போய் விழும். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு அது தெரியாது. பின்னால் வரும் குருவிகளுக்குத் தெரியும்.

கணக்கு எளிது. வெட்டும் அகலத்தை மீட்டரிலும் வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரிலும் வைத்துப் பெருக்கி, 10-ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை ஹெக்டர் என்று வரும். அவனுடைய பழைய ஹெட்டர் 4.5 மீட்டர். வேகம் 4 கிலோமீட்டர். மணிக்கு 1.8 ஹெக்டர். திரும்புவது, நெல்லை இறக்குவது எல்லாம் போக உண்மையில் இதைவிடக் குறையும். அந்த வயலில் ஹெக்டருக்கு 5 டன் விளைச்சல். ஓடும்போது இயந்திரத்தின் வயிற்றுக்குள் மணிக்கு 9 டன் நெல் போகிறது, அதோடு பச்சைத் தாளும்.

4 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொன்னேன். இயந்திரம் கடந்துபோனதும் வைக்கோல் விழுந்த வரிசையில் சட்டத்தைப் போட்டு, வைக்கோலை உதறி எடுத்துவிட்டு, தரையில் கிடந்த நெல்மணிகளை எண்ணினோம். இயந்திரம் போவதற்கு முன்பே தானாக உதிர்ந்து கிடந்தவற்றைத் தனியே எண்ணிக் கழித்தோம். நான்கைந்து இடங்களில் போட்டுச் சராசரி பார்த்தபோது 90 மணிகள் வந்தன. வேகத்தை 5 கிலோமீட்டருக்கு ஏற்றச் சொன்னேன். இந்த முறை 240.

இந்த எண்களுக்கு அர்த்தம் என்ன? ஆயிரம் நெல்மணிகள் ஏறக்குறைய 25 கிராம் எடை. 5 டன் விளைச்சலில் நூற்றில் ஒரு பங்கு, ஹெக்டருக்கு 50 கிலோ. அதை வயல் முழுவதும் பரப்பினால் சதுர மீட்டருக்கு 200 மணிகள். ஆனால் 4.5 மீட்டர் அகலத்தில் வெட்டியதெல்லாம் பின்னால் 1.5 மீட்டர் அகல வரிசையில் விழுகிறது. அதனால் அந்த வரிசையில் மூன்று மடங்காகச் சேரும். என் சட்டத்துக்குள் 60 மணி கிடந்தால் நூற்றுக்கு 1 நஷ்டம். 90 என்றால் ஒன்றரை. 240 என்றால் 4.

வேகத்தை 1 கிலோமீட்டர் கூட்டியதற்கு, நூற்றுக்கு இரண்டரை பங்கு நெல் கூடுதலாக மண்ணில் போனது. ஹெக்டருக்கு 125 கிலோ. 2025-இல் அரசாங்கம் உயர்த்திய அடிப்படை விலை டன்னுக்கு 1,500 ரிங்கிட். ஹெக்டருக்கு 187 ரிங்கிட்டுக்கு மேல் சேற்றில் போட்டுவிட்டு வந்த மாதிரி. வண்டி ஓட்டுகிறவனுக்குக் கூலி குறையாது. வயல்காரருக்குத்தான் குறையும். அடுத்த பருவத்துக்கு அவர் வேறு வண்டியைக் கூப்பிடுவார்.

"இப்ப சொல்லு தம்பி. மணிக்கு 9 டன்னுக்கு மேல உன் மெஷின் திங்காது. முப்பது அடின்னா 9 மீட்டருக்கு மேல. அத மாட்டினா எந்த வேகத்துல போவே?"

மனதுக்குள் வகுத்துப் பார்த்தான்.

"ரெண்டு."

"அப்ப மணிக்கு எவ்வளவு ஹெக்டர்?"

அவன் பதில் சொல்லவில்லை. அதே 1.8 தான்.

அவன் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. அகலம் கூடினால் நடை குறையும். 60 மீட்டர் அகலமுள்ள வயலில் 4.5 மீட்டர் ஹெட்டர் 13, 14 முறை போய் வர வேண்டும். 9 மீட்டர் என்றால் 7 முறை. திரும்பும் நேரம் மிச்சமாகும். விளம்பரம் பொய் சொல்கிறது என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவின் மானாவாரிக் கோதுமை ஹெக்டருக்கு 2 டன் அளவில் விளைகிறது. அங்கே இதே இயந்திரத்தின் வயிற்றை நிரப்ப வேண்டுமானால் 4.5 மீட்டர் ஹெட்டரோடு மணிக்கு 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். அந்த வேகத்தில் கத்தி சரியாக அறுக்காது, வண்டியும் குதிக்கும். 9 மீட்டர் மாட்டினால் 5 கிலோமீட்டரில் நிதானமாகப் போகலாம். விளைச்சல் மெலிந்த பெரிய நிலத்தில் அகல ஹெட்டர் பழைய இயந்திரத்துக்கு உயிர் கொடுக்கும். நம் வயலில் பயிர் அடர்த்தி. வாய்க்கு முன்னால் வயிறு நிறைந்துவிடுகிறது.

பட்டைக்கு இருக்கும் பெருமையையும் மறைக்கக் கூடாது. திருகு உருளை பயிரை நடுவுக்குத் தள்ளும்போது கொத்துக் கொத்தாகச் சேர்த்துவிடும். ஒவ்வொரு கொத்தும் டிரம்முக்குள் போகும்போது 'தொம்' என்று சத்தம் கேட்கும். அந்த நொடி டிரம் திணறும், அந்த நொடியில்தான் நெல் தப்பும். பட்டை பயிரைக் கதிர் முன்னால் வரும்படி ஒரே சீராகக் கொண்டுபோய்க் கொடுக்கும். அதனால் அகலத்தைக் கூட்டாமல் பட்டைக்கு மட்டும் மாறினால்கூடப் பழைய டிரம் கொஞ்சம் நன்றாக வேலை செய்யும். ஆனால் ஈரச் சேறு பட்டைக்கு எதிரி. சேறு பட்டைக்கு அடியில் போய் உருளையில் ஒட்டிக்கொண்டால் பட்டை வழுக்கும், ஒரு பக்கமாக ஓடும், ஓரம் கிழியும். சாய்ந்த நெல்லைத் தரையோடு தரையாக அறுக்கும் நம் ஆட்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து தொண்டை. அளவு நாடாவை எடுத்து இயந்திரத்தின் தொண்டை வாசலை அளந்தோம். விற்பவர் அனுப்பிய தாளில் அடாப்டரின் வாசல் அதைவிட அகலம். மாட்டலாம், ஆனால் இரண்டு ஓரத்திலும் தகடு வைத்துக் குறைக்க வேண்டும். குறைத்த இடத்தில் பயிர் மடங்கி நிற்கும்.

பழைய ஹெட்டர் இயந்திரத்தின் தண்டிலிருந்து நேரே சுழலும் விசையில் ஓடுவது. ட்ரேப்பரின் பட்டைகள் ஆயில் மோட்டாரில் ஓடுபவை. பழைய இயந்திரத்தின் ஆயில் பம்பு ஹெட்டரைத் தூக்கவும் ஸ்டியரிங் திருப்பவும் போதுமே தவிர, அதற்கு மேல் ஓயாமல் மோட்டார் சுற்றப் போதாது. சில அடாப்டர்களில் சொந்தப் பம்பும் சொந்த ஆயில் தொட்டியும் இருக்கும். தண்டிலிருந்து விசை வாங்கிக்கொள்ளும். அப்படிப்பட்டதுதானா என்று கேட்க வேண்டும். தண்டு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று, எந்தப் பக்கம், எத்தனை பல் என்பதையும் கேட்க வேண்டும். விற்பவர் இதற்கெல்லாம் கொடுத்த ஒரே பதில், "மாட்டிக்கொள்ளலாம்."

மாட்டிக்கொள்ளலாம்தான். வெல்டிங் கையில் இருக்கிறவன் எதை வேண்டுமானாலும் எதிலும் மாட்டுவான். அந்தக் கெட்ட பழக்கம் எனக்கும் இருந்தது.

திங்கட்கிழமை இயந்திரத்தை வேறு இடத்துக்கு ஏற்றிப் போக வேண்டியிருந்தது. வழியில் தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு செம்பனை ஆலையில் அனுமதி கேட்டு, பழ லோரிகளை நிறுக்கும் எடைமேடையில் இயந்திரத்தை ஏற்றினோம். நம் ஜொகூரில் நெல் தராசு தேடினால்தான் கஷ்டம், செம்பனை எடைமேடை எங்கேயும் உண்டு. ஹெட்டரைக் கழற்றிவிட்டு, முன் பாதியை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு எடை, பின் பாதியை மட்டும் நிறுத்தி ஒரு எடை. முன்னால் 6 டன். பின்னால் 2.5 டன். கழற்றிய ஹெட்டர் தனியாக 1.5 டன்.

ஆலை அலுவலகத்தில் ஒரு பழைய தாள் வாங்கி, அதன் பின்பக்கத்தில் தராசுக் கோல் மாதிரி படம் போட்டேன். முன் அச்சுதான் தராசின் நடுமுள். அதற்கு முன்னால் ஹெட்டர் தொங்குகிறது, பின்னால் பின் சக்கரம். இரண்டு அச்சுக்கும் நடுவே 3.5 மீட்டர். பழைய ஹெட்டரின் கனம் முன் அச்சிலிருந்து 2.5 மீட்டர் தள்ளி விழுகிறது. ஒன்றரை டன்னை இரண்டரையால் பெருக்கி மூன்றரையால் வகுத்தால் 1.07. அதாவது அந்த ஹெட்டரை மாட்டியதும் பின் சக்கரத்தின் மேல் இருக்கும் கனத்தில் 1 டன்னுக்குச் சற்று மேல் குறைந்துபோகிறது. 2.5 டன் இருந்த இடத்தில் 1.43 டன் மிஞ்சும். அது போதும், வண்டி ஒழுங்காகத் திரும்பும்.

புதியது தாளின்படி அடாப்டரோடு சேர்ந்து 3 டன். நடுவே அடாப்டர் வருவதால் கனம் இன்னும் முன்னால் தள்ளி, 3 மீட்டரில் விழும். மூன்றை மூன்றால் பெருக்கி மூன்றரையால் வகுத்தால் 2.57. பின் சக்கரத்தில் இருப்பதே 2.5.

அவன் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றான். அறுவடை இயந்திரம் திரும்புவது பின் சக்கரத்தால் என்று அவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின் சக்கரம் தரையில் இல்லாவிட்டால் ஸ்டியரிங் கையில் இருக்கும், வண்டி கையில் இருக்காது.

"அப்பா லோரி மாதிரி" என்றான், மெதுவாக.

நான் ஒரு வாரம் கேட்டதற்குக் காரணம் அதுதான். என் மச்சான், இவன் அப்பா, செம்பனைப் பழம் ஏற்றும் லோரி வைத்திருந்தார். ஒரு நடைக்கு இன்னும் கொஞ்சம் பழம் ஏற்றினால் கடன் சீக்கிரம் அடையும் என்று சொல்லி, பெட்டியைப் பின்னால் நான்கு அடி நீட்ட முடியுமா என்று என்னிடம் கேட்டார். "பொருந்துமா மச்சான்?" அவர் கேட்டதும் இதே சொல்தான். சேசிஸை அளந்தேன். துளை பொருந்தியது, வெல்டிங் அருமையாக வந்தது, பெயிண்டும் அடித்துக் கொடுத்தேன். பின் அச்சுக்குப் பின்னால் கனம் ஏறினால் முன் அச்சில் என்ன மிஞ்சும் என்று எடைமேடையில் நிறுத்திப் பார்க்கவில்லை. அந்த மேடை நான் வேலை செய்த பட்டறைக்கு எதிரில்தான் இருந்தது. மூன்றாவது மாதம், மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், தோட்டத்து மேட்டில் முழுச் சுமையோடு ஏறும்போது முன் டயர் மிதந்தது. ஸ்டியரிங்கை வளைத்தார், லோரி வளையவில்லை. வடிகாலில் சாய்ந்தது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இறக்கும்வரை விந்தி விந்தித்தான் நடந்தார். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இவனுக்கு அப்போது ஆறு வயது.

பின்னால் எதிர்க்கனம் கட்டலாமே என்று கேட்பீர்கள். கட்டலாம். பல நாடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். பின்னால் 1 டன் இரும்பு தொங்கவிட்டால் பின் சக்கரம் தரையில் நிற்கும். ஆனால் மொத்த எடை 10 டன்னிலிருந்து 12.5 டன்னாக ஏறிவிடும். 5,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் அதன் மேல் இன்னும் ஏறக்குறைய 2.8 டன் நெல். இதையெல்லாம் தாங்க வேண்டியது வயல். நெல் வயலுக்கு அடியில் ஒரு கெட்டித் தளம் இருக்கிறது. ஆண்டாண்டாக உழுது மிதித்து உண்டான தளம். தண்ணீரைத் தேக்குவதும் இயந்திரத்தைத் தாங்குவதும் அதுதான். அது ஓர் இடத்தில் உடைந்தால் அங்கே குழி விழும். அடுத்த பருவம் டிராக்டர் அதே இடத்தில் புதையும், தண்ணீர் ஒரே அளவில் நிற்காது. வண்டிக்காரன் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவான். குழி வயல்காரரோடு இருக்கும்.

வயலுக்குப் போகும் வழியையும் மறக்கக் கூடாது. வாய்க்கால் மேல் உள்ள சின்னப் பாலம், இரண்டு பக்கமும் வரப்பு, நடுவே மின்கம்பம். முப்பது அடி ஹெட்டரைக் கழற்றித் தனி டிரெய்லரில் நீளவாக்கில் ஏற்றிக்கொண்டு போய், ஒவ்வொரு வயலிலும் மாட்டிக் கழற்ற வேண்டும். வரப்பு கட்டிய வயலில் தரை ஒரே மட்டமாக இருக்காது. அகலமான ஹெட்டர் ஒரு முனையில் மண்ணைக் கவ்வும்போது மறுமுனை கதிரை விட்டுவிடும்.

அவன் வாங்கவில்லை. அக்காளின் நகை பீரோவிலேயே இருக்கிறது. முன்பணத்துக்கு வைத்திருந்த காசில் ஒரு பகுதியை எடுத்து, டிரம்மில் தேய்ந்துபோன பார்களையும் அதன் அடிச் சல்லடையையும் மாற்றினோம். புதுக் கத்தி, புதுப் பற்கள். தொண்டைச் சங்கிலியின் தொய்வை எடுத்தோம். திருகு உருளைக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் குறைத்தோம். கொத்து சேர்வது அதில் பாதி குறைந்தது. இந்தப் பருவம் 4.5 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி எண்ணியபோது சட்டத்துக்குள் 70 மணிகள். முன்பு 4 கிலோமீட்டரிலேயே 90 கிடந்தன. இரண்டு மடங்கு வேலை நடக்கவில்லை, எட்டில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் அது கடன் இல்லாமல் கூடியது.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் நெல் அறுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் சிலர்தான் இருப்பீர்கள். லோரி, டிராக்டர், தோண்டும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். பழைய வண்டியில் பெரிய பாகம் எதை மாட்டினாலும் வாங்குவதற்கு முன் இவற்றைச் செய்துவிடுங்கள்.

1. இப்போது இருக்கும் பாகம் வண்டியின் முழுத் திறனையும் வாங்குகிறதா என்று அளந்து பாருங்கள். வயிறு ஏற்கெனவே நிறைந்திருந்தால் பெரிய வாயால் பயன் இல்லை.

2. முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே எடைமேடையில் நிறுத்துங்கள். புதிய பாகத்தின் எடையையும், அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி விழும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ஸ்டியரிங் உள்ள சக்கரத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போடுங்கள்.

3. தூக்கும் சிலிண்டர் எத்தனை டன் தாங்கும், ஆயில் பம்பு நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தரும், விசைத் தண்டு எத்தனை சுற்று என்று பாருங்கள். மூன்றில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் அதைச் சரிசெய்யும் செலவை விலையோடு சேருங்கள்.

4. வண்டி போகும் பாதையையும் நிற்கும் மண்ணையும் நடந்து பாருங்கள்.

5. "பொருந்துமா?" என்று மெக்கானிக்கிடம் கேட்காதீர்கள். என்னைப் போன்றவர்கள் பொருத்திக் கொடுத்துவிடுவோம். "தாங்குமா?" என்று கேளுங்கள்.

அக்காள் மகன் அந்த மரச்சட்டத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான். இப்போது அது அவன் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் தொங்குகிறது. புது வயலில் இறங்கினால் முதல் நடையிலேயே எண்ணிப் பார்க்கிறானாம். வயல்காரர் யாராவது பக்கத்தில் நின்றால் அவரையும் கூப்பிட்டு எண்ணச் சொல்கிறானாம். சாயங்காலம் எனக்கு ஃபோன் பண்ணி எத்தனை மணி என்று மட்டும் சொல்வான். அந்த ஆஸ்திரேலிய விளம்பரத்தை இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். போன வாரம் ஒன்று அனுப்பியிருந்தான். பதினைந்து அடி, பட்டை வைத்தது. கீழே, "எடை கேட்டிருக்கேன் மாமா, இன்னும் பதில் வரல" என்று எழுதியிருந்தான்.